முதுகு வசனம்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் மேலே இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதும் வேலை தொடங்கியது.

படத்தோடு வந்த குறிப்பில் 'போலீஸ்' என்ற ஒரே சொல் இருந்தது. கூடத்தின் முதலாளி படத்தைப் பார்த்திருக்கவில்லை. அவருக்கு விற்றவரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. படங்களை மொத்தமாக வாங்கி விற்கும் தொழிலில் படம் பார்ப்பவர்கள் நிலைப்பதில்லை.

வசனக்காரர் மட்டுமே முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். படம் அவ்வளவு மோசமாக இருந்தது. துப்பறியும் அதிகாரி கையில் காபிக் கோப்பையோடு அறைக்குள் நுழைகிறார். அடுத்த காட்சியில் கோப்பை பெரிதாகிறது. அதற்கடுத்ததில் அது வாளி. பிணம் ஒன்று தும்முகிறது. சுட்டுக் கொல்லப்பட்ட அடியாள் மீசையை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து மறுபடி மறுபடி சாகிறான். காவல் நிலையத்தின் நடுவே ஒரு குதிரை நிற்கிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அது போலீஸ் படங்களைக் கேலி செய்வதற்காகவே எடுக்கப்பட்ட பகடிப் படம். வேறு யாராவது பார்த்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் புரிந்திருக்கும். வசனக்காரருக்குப் புரியவில்லை. அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. இருபது ஆண்டுகளாக அவர் தமிழாக்கிய படங்களில் பாதி இதைவிட மோசமானவை, அவை எல்லாம் மெய்யாகவே முயன்று எடுக்கப்பட்டவை. சென்ற ஆண்டு ஒரு படத்தில் கதாநாயகியின் தந்தை இரண்டு முறை இறந்தார். அதை எடுத்தவருக்குச் சிரிக்க வைக்கும் நோக்கமே கிடையாது.

ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருமுறை வாயைத் திறந்தார். "சார், எனக்கென்னவோ இது காமெடிப் படம் மாதிரி தோணுது."

"மோசமான படம்னா சிரிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சிரிப்பு வராம பார்த்துக்கத்தான் நம்மள வெச்சிருக்காங்க."

"குதிரை நிக்குதே சார்."

"நிக்கட்டும். அதுக்கு வழி பண்றேன்."

வழி என்பது முதுகு வசனம். வேற்று மொழி நடிகரின் முகம் தெரியும்போது உதட்டசைவுக்கு ஏற்பத்தான் எழுத முடியும். அவர் வாயை மூடும் இடத்தில் நாமும் மூட வேண்டும். ஆனால் அவர் திரும்பி நின்றால் வாய் தெரியாது. அந்தச் சில விநாடிகளுக்கு அவரை எதையும் பேச வைக்கலாம். கதையில் ஓட்டை விழுந்த இடத்தில் திரும்பி நிற்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் முதுகில் ஒரு வசனத்தை ஏற்றி ஓட்டையை அடைத்துவிடுவதில் வசனக்காரருக்கு நிகராக அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. இந்தப் படத்தில் எல்லோரும் அடிக்கடி முதுகைக் காட்டினார்கள். காரணமே இல்லாமல் சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று பேசும் போலீஸ்காரர்களைக் கேலி செய்யத்தான் அப்படி எடுத்திருந்தார்கள். வசனக்காரர் அதைத் தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

வாளிக்கு, "சிறுநீரகத்துல கல்லு. டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காரு" என்று ஒரு முதுகு பேசியது. தும்மிய பிணத்துக்கு, "அந்த விஷம் செத்த பிறகும் வேலை செய்யும்" என்று இன்னொரு முதுகு விளக்கியது. குதிரை, பணியில் உயிர்நீத்த பழைய கமிஷனருடையது. அவர் நினைவாக யாரும் அதை வெளியேற்றுவதில்லை. மீசை மாற்றி மாற்றிச் சாகும் அடியாளை ஒரே வயிற்றில் பிறந்த சகோதரர்கள் ஆக்கினார். சகோதரர்கள் என்றால் அம்மா வேண்டும். அம்மாவே இல்லாத படத்தில் இப்படித்தான் அம்மா வந்தாள்.

வந்தவளை அவர் லேசில் விடவில்லை. அதிகாரிக்கும் ஒரு அம்மாவைக் கொடுத்தார். திரும்பி நிற்கும்போதெல்லாம் அவர் ஊரில் இருக்கும் அம்மாவோடு தொலைபேசியில் பேசினார்.

அம்மாக்களுக்குக் குரல் கொடுக்க ஒரே ஒருவர்தான் அங்கே. கூடத்தில் அனைவரும் அவரை 'அம்மாக்கா' என்பார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் திரையில் அவர் பெற்றுப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

"தம்பி, இதுல அம்மா எங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் அம்மாக்கா.

"போன்ல இருக்காங்கக்கா."

"எந்தப் போன்?"

"அதோ, அவரு திரும்பி நிக்கிறாருல்ல. அப்போ."

"கையில போனே இல்லையே. ரெண்டு கையும் தொங்குது."

"தோள்ல இடுக்கியிருக்காரு. நமக்குத் தெரியல."

அம்மாக்கா அதற்குமேல் கேட்கவில்லை. மைக் முன்னால் நின்று, தாளைப் பார்த்து, "மழையில நனையாதப்பா. உனக்குச் சளி பிடிச்சா எனக்குல்ல இருமல் வருது" என்றார். சொல்லி முடித்ததும் தாளைத் தாழ்த்தினார். "இது நல்லா இருக்கு தம்பி. எங்க பிடிச்ச?"

"சும்மா வந்துச்சுக்கா."

சும்மா வரவில்லை. வேறு ஊரில் இருந்த வசனக்காரரின் அம்மா, சாகும்வரை மழைக்காலத்தில் தொலைபேசியில் சொன்ன வாக்கியம் அது.

இவ்வளவு உழைப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. இந்தப் படத்தை வாங்கும் நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியில் இணையம் வழியாகப் படம் காட்டுகிற புது நிறுவனம். அவர்கள் வசனம் எழுதியவரின் பெயரைப் படத்தின் முடிவில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"தனியா வரும். பெரிய எழுத்துல" என்றார் முதலாளி. "வீட்ல எல்லாரையும் உட்கார வெச்சுக் காட்டுங்க."

வீட்டில் எல்லாரும் என்பதில் வசனக்காரருக்கு ஒருவர்தான் முக்கியம்: மனைவியின் அண்ணன், பல் மருத்துவர். அவர் நல்லவர்தான். ஆனால் நாள் முழுவதும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவர்; மறுபேச்சு கேட்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தங்கை கணவரின் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான். "மாப்ளே, ஊரான் வாயில பேசறதை விட்டுட்டு நீங்களா எப்ப பேசப் போறீங்க?" ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் சொல்லிவிட்டு, சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பார்.

மருத்துவருக்குத் தொழில் பல், ஆசை சினிமா. பெரும்பாலானோர் கண்டுகொள்ளாத பகடிப் படங்களைத் தேடிப்பிடித்து, 'வீட்டிலேயே பாருங்கள்' என்ற தலைப்பில் இணையத்தில் வாராவாரம் எழுதிவந்தார். பிரபலமான எந்தப் படத்தையும் அவருக்குப் பிடிக்காது. அது பிரபலமாவதற்கு முன் பிடித்திருந்ததாகச் சொல்வார். ஞாயிறு பிற்பகலில் குடும்பம் அவர் வீட்டில் கூடும். அவர் ஒரு படம் போடுவார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தி, ஏன் சிரிப்பு வரவேண்டும் என்று விளக்குவார். பிறகு ஓட விடுவார். சில சமயம் சிரிப்பும் வரும்.

'கடமைக்கு ஒரு கண்ணீர்' என்று முதலாளி பெயர் சூட்டிய அந்தப் படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. ஞாயிறன்று வசனக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். மச்சானிடம் தானே கேட்டு அந்தப் படத்தைப் போட வைப்பது, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது, கடைசியில் பெயர் வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போவது மனைவியின் யோசனை.

கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வாங்க மாப்ளே. இன்னிக்கு ஒரு புதையல் சிக்கியிருக்கு" என்றார் மருத்துவர், இவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே. "வெள்ளிக்கிழமை வந்த படம். ஒரு பய கண்டுக்கல. நேத்து பாதிதான் பார்த்தேன், சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. தலைப்பைக் கேளுங்க. கடமைக்கு ஒரு கண்ணீர்."

மனைவி முகம் மலர்ந்து, "அண்ணே, அது" என்று தொடங்கினாள். வசனக்காரர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். வயிறு புண்ணான செய்தி அவருக்கு மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மருத்துவர் ரிமோட்டோடு நடுவில். அவர் மனைவி தரையில், தலையணையில் சாய்ந்து. சாய்வு நாற்காலியில் மருத்துவரின் சித்தப்பா, பேருந்து நிறுவனத்தில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் யாரைப் பார்த்தாலும் பயணச்சீட்டு கேட்கப் போகிறவர்போலப் பார்ப்பவர்.

வாளி வந்ததும் மருத்துவரின் மனைவி சிரிக்கத் தொடங்கினார். சிறுநீரகக் கல் வசனம் வந்ததும் மருத்துவர் படத்தை நிறுத்தினார்.

"கவனிங்க. ஒரிஜினல்ல இந்த வசனம் கிடையாது. நான் தேடிப் பார்த்துட்டேன். தமிழ்ல எழுதினவன் சேர்த்திருக்கான். எதுக்குத் தெரியுமா? நம்ம படங்கள்ல எதையும் விட மாட்டாங்க, எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் சொல்லுவாங்க. அதைக் கேலி பண்றான். அவன் ஒரு ராட்சசன்."

"அந்த ஆளுக்கு நிஜமாவே கல்லு இருக்கலாம்ல மச்சான்" என்றார் வசனக்காரர்.

"மாப்ளே, உங்களுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் பழக்கமில்ல. சும்மா பாருங்க, போகப்போகப் பிடிபடும்."

குதிரைக்கு மறுபடி நிறுத்தினார். விஷத்துக்கு நிறுத்தினார். சகோதரர்களில் மூன்றாமவன் செத்தபோது நிறுத்த முடியாமல் ரிமோட்டைக் கீழே போட்டார். தான் அடைத்த ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சிரிப்பு பீறிட்டு வருவதை வசனக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவியின் தோள் குலுங்கியது. அவர் திரும்பிப் பார்த்ததும் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா மட்டும் கைக்குட்டையை எடுத்து இரண்டு கண்ணையும் ஒற்றினார். வசனக்காரருக்கு உயிர் வந்தது.

"கஷ்டமா இருக்கா சித்தப்பா?"

"சொட்டு மருந்து போட்டேன்பா. எரியுது."

பிறகு அம்மா வந்தாள். திரையில் அதிகாரி சன்னலோரம் திரும்பி நிற்க, எங்கிருந்தோ அம்மாக்காவின் குரல், மழையில் நனையாதே என்றது. அறையே வெடித்தது. மருத்துவர் இருமி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கவுரைக்குத் தயாரானார்.

"கையில போன் இல்ல. சன்னலுக்கு வெளிய பாருங்க, வெயில் அடிக்குது. மழையாம். சளியாம். நம்ம சினிமாவுல இருக்கிற மொத்த அம்மா சென்டிமென்ட்டையும் ஒரே வரியில காலி பண்ணிட்டான்."

"அது கேலி இல்ல மச்சான்."

"பின்ன?"

"அம்மாக்கள் அப்படித்தான் பேசுவாங்க."

"அதேதான் மாப்ளே. எவனோ உட்கார்ந்து யோசிச்சு, இதைவிட அபத்தமா ஒரு வரி எழுதவே முடியாதுன்னு முடிவு பண்ணி எழுதியிருக்கான்."

படம் தொடங்கும் முன்வரை வசனக்காரர் எதிர்பார்த்தது பெயர் வரும் நொடியை. இப்போது அவர் வேண்டிக்கொண்டது, அது வரக்கூடாது என்று. அதற்கு வழியும் இருந்தது. இந்த நிறுவனங்களின் படங்களில் முடிவில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போய்விடும், அடுத்த படம் தானாகவே தொடங்கும். அந்தச் சில விநாடிகளில் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் போதும். அவர் மெல்ல எழுந்து, ரிமோட்டை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

கடைசிச் சகோதரனும் செத்தான். குதிரைக்குப் பதக்கம் குத்தினார்கள். எழுத்துகள் ஓடத் தொடங்க, திரை சுருங்கியது.

"ரிமோட் எங்க?" என்றாள் மனைவி. "நிறுத்துங்க. பேரு பார்க்கணும்."

"பேரு எதுக்கும்மா?" என்றார் அவர்.

"எதுக்கா? என்னங்க, நகருங்க." அவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்து அழுத்தினாள். திரை மறுபடி பெரிதானது. தமிழ் வசனம் என்ற சொற்களுக்குக் கீழே, தலைப்பெழுத்தோடு அவருடைய முழுப்பெயர் நின்றது. முதலாளி சொன்னபடியே தனியாக, பெரிய எழுத்தில்.

மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார்.

"மாப்ளே. நீங்களா?"

"ம்."

"இத்தனை நேரம் நான் பேசிக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. கல்லு இருக்கலாம்ல மச்சான்னு வேற." மருத்துவர் எழுந்து வந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். பிறகு, அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் உட்காராத நடு நாற்காலியைக் காட்டி, "இங்க உட்காருங்க" என்றார். "அடியே, மாப்ளைக்கு முதல்ல காபி கொண்டா."

இத்தனை ஆண்டுகள் வசனக்காரர் விரும்பிய நாற்காலி அது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் காபியும் வந்திருக்கும். அவர் உட்காரவில்லை.

"மச்சான், நான் சிரிக்கறதுக்காக எழுதல. அது காமெடிப் படம்னே எனக்குத் தெரியாது. சீரியஸாத்தான் எழுதினேன். அந்த வரி எங்க அம்மா சொன்னது."

மருத்துவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"முகத்தைப் பாருங்க. கொஞ்சமாவது அசையுதா பாருங்க. அம்மா சொன்னதாம்."

"அண்ணா, போதும் விடுங்க, முடியல" என்றார் மருத்துவரின் மனைவி வசனக்காரரிடம், தரையில் சாய்ந்தபடி.

"நிஜமாத்தான் மச்சான்."

"ஐயோ, மறுபடி சொல்றாரு."

சித்தப்பா நிலைமையை ஆராய்ந்து, பெரிய மனிதர்கள் சிரிக்கும் அளவுக்குத் தானும் சிரித்தார்.

திரும்பும்போது பேருந்தில் கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் அவர் வெளியே பார்த்தார்.

"நீயும் சிரிச்ச" என்றார்.

"வாளிக்குச் சிரிச்சேன். அத்தைக்குச் சிரிக்கல."

"கண்ணுல தண்ணி வந்துச்சே."

"அது அத்தைக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "வாளியில எடுத்து எடுத்துக் குடிக்கிறான் பாருங்க" என்று தொடங்கியவள், மேலே சொல்லாமல் முந்தானையைத் தேடினாள்.

புதன்கிழமை மருத்துவரின் கட்டுரை இணையத்தில் வந்தது. வீட்டிலேயே பார்க்க வேண்டிய, யாரும் கண்டுகொள்ளாத பகடிப் படங்களில் 'கடமைக்கு ஒரு கண்ணீர்' முதலிடம் பெற்றிருந்தது. மூலத்தைவிடத் தமிழ் வடிவம் பல படி மேல் என்றும், எழுதியவர் தன் தங்கையின் கணவர் என்றும், தான் குடும்பத்தில் வளர்த்த ரசனைச் சூழல் வீண்போகவில்லை என்றும் எழுதியிருந்தார். இதுவரை அவர் எழுதியவற்றை வீட்டார் மட்டுமே படித்துவந்தார்கள். இதை ஊரே படித்தது. வீடுவீடாக அந்த வாளியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வசனக்காரர் முதலாளியைப் பார்க்கப் போனார். "என் பேரை எடுத்துடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் எழுதினது அந்த மாதிரிப் படமில்ல."

"நீங்க எழுதினது எந்த மாதிரிப் படம்னு நீங்க சொன்னா ஆச்சா? பார்க்கறவங்க சொல்லணும்." முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கம்பெனியிலிருந்து பேசினாங்க. பேய்ப் படங்களைக் கிண்டல் பண்ற படம் ஒண்ணு வெச்சிருக்காங்க. நீங்கதான் எழுதணுமாம். பேரு கடைசியில இல்ல, முதல்லயே. தலைப்புக்கு முன்னாடி."

"தலைப்புக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

கீழே கண்ணாடிக் கடையில் யாருக்கோ எழுத்துகளை வாசித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பகடிப் படம்னு முன்கூட்டியே சொல்லிட்டீங்க. நல்லது" என்றார் வசனக்காரர். "இந்தத் தடவை தப்பு நடக்காது."

அவர் முழு மூச்சாக இறங்கினார். மருத்துவர் ஞாயிறுதோறும் உடனிருந்து, எந்த இடத்தில் எதற்காகச் சிரிப்பு வரும் என்று விளக்கினார். வசனக்காரர் குறித்துக்கொண்டார். பேய் திரும்பி நின்ற இடத்தில் எல்லாம் ஒரு நகைச்சுவையை ஏற்றினார். பேயின் அம்மாவாகக் குரல் கொடுத்த அம்மாக்கா, "தம்பி, இதுல எனக்கு அழுகை வரமாட்டேங்குதே" என்றார். "அழக்கூடாதுக்கா. இது சிரிப்பு" என்றார் வசனக்காரர். அம்மாக்காவுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. அழுதுகொண்டே நகைச்சுவைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

படம் செப்டம்பரில் வெளியானது. தலைப்புக்கு முன்னால் வசனக்காரரின் பெயர் வந்தது. ஞாயிறன்று குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தது. மருத்துவர் எங்கும் நிறுத்தவில்லை. அந்த வாரக் கட்டுரையில் அவர் வேறொரு படத்தைப் பரிந்துரைத்தார். பார்த்தவர்களில் பலர் படம் மனதைக் கனக்கச் செய்தது என்று கருத்துப் பதிந்ததால், நிறுவனம் இரண்டாம் வாரத்தில் அதை நகைச்சுவைப் பிரிவிலிருந்து எடுத்துக் குடும்பச் சித்திரங்கள் பிரிவில் சேர்த்தது.